இடைவேளையில் இறங்கிய மாப்பிள்ளை

நான் வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பிடித்தவனில்லை. சிகரெட், சுருட்டு, மூக்குப்பொடி எதுவும் கிடையாது. கல்லூரி விடுதியில் அறை நண்பன் ஊதிய புகைக்கே ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு இருமியவன் நான். ஆனால் பாம்பனில் என் மாமனார் தெருவில் போய், "டிரைவர் சூசை வீட்டு மாப்பிள்ளை எப்படிங்க?" என்று விசாரித்துப் பாருங்கள். "தங்கமான புள்ள. அந்தப் பீடிப் பழக்கம் ஒண்ணுதான்..." என்று இழுப்பார்கள்.

இந்தப் பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு டேப்லெட். அதில் நான் ஏற்றிய படங்கள். சரியாகச் சொன்னால், ஏற்றாமல் விட்ட மிச்சம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தொண்டியில், கடலை நம்பிப் பிழைக்கிற குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் கரையில் கட்டிக் கிடக்கிற படகில் ஏறி நின்றாலே எனக்குக் குமட்டும். இவன் கடலுக்கு ஆக மாட்டான் என்று வீட்டில் என்னைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார்கள். இப்போது ராமநாதபுரத்தில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை. பெண் பார்க்கப் போன அன்று என் மாமனார், "மாப்ளைக்கு என்ன தொழிலு?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் என்று சொன்னார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அது ஒண்ணும் ஆடாதுல்ல" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் மொத்த மதிப்பும் அடங்கிவிட்டது. அவர் விசைப்படகு ஓட்டுகிறவர். எந்தப் புயலிலும் படகைக் கரை சேர்த்தவர் என்று பாம்பனே சொல்லும். அவர் கண்ணில் நானும் ஓர் ஆள்தான் என்று படவேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து என் தீராத ஆசை.

மாமாவுக்கு இரண்டு உயிர். ஒன்று பீடி, இன்னொன்று சினிமா. டிவியில் படம் ஓடினால் வில்லனிடம் நேரடியாகப் பேசுவார். ("ஏலே, கதவுக்குப் பின்னாடி அவன் நிக்கிறது ஒனக்குத் தெரியலையா?") இருமல் முற்றி நெஞ்சு இழுத்துக்கொண்டதும் டாக்டர் முதல் உயிரை எடுக்கச் சொல்லிவிட்டார். இனி ஒரு பீடிகூடக் கூடாது. மாமாவும் அந்தோணியார் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிச் சத்தியம் செய்துவிட்டு வந்தார். பாவம், அவர் சத்தியம் செய்த நேரம் சரியில்லை. பின்னாலேயே தடைக்காலம் வந்துவிட்டது.

எங்கள் கடற்கரையில் வருஷத்துக்கு ஒருமுறை, மீன்கள் குஞ்சு பொரிப்பதற்காக விசைப்படகுகளுக்கு அரசாங்கம் தடை போடும். மீனுக்குப் பிள்ளைப்பேறு, மீனவனுக்கு வீட்டுச் சிறை. கல்யாணம், வேளாங்கண்ணிப் பயணம், சொந்தக்காரர்களுடன் சண்டை எல்லாம் அந்த நாட்களில்தான் நடக்கும். ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? மாமாவின் வலதுகையில் இரண்டு விரல்கள், இல்லாத பீடி ஒன்றை நாள் முழுக்க உருட்டிக்கொண்டே இருந்தன.

அந்த நேரத்தில்தான் விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் மச்சான் வில்சனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மாமாவுக்கு முதல் பேரன். ஞானஸ்நானத்துக்கு எல்லோரும் கிளம்ப வேண்டும். வில்சனின் மனைவி ரோசி போனில் அழைத்தாள். மாமி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமா, கோவிச்சுக்காதீக. பீடி வாடையோட வந்தா புள்ளையத் தூக்கத் தரமாட்டேன். பிஞ்சு நெஞ்சு. யாரா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்."

"அந்தக் கருமத்த விட்டு ஒரு மாசம் ஆச்சு தாயி" என்றார் மாமா. சொல்லும்போதே விரல் உருட்டிக்கொண்டுதான் இருந்தது.

போனை வைத்ததும் மாமி என்னைத் தனியாக அடுப்படிப் பக்கம் கூப்பிட்டாள். "மாப்ள, வீடுன்னா நான் பாத்துக்கிருவேன். ரயிலு டேசனுக்கு டேசன் நிக்கும். இவுக எறங்கி ஒரு இழுப்பு இழுத்துட்டாப் போச்சு. ரோசி சொன்னாச் சொன்னதுதான். அம்புட்டுத் தூரம் போயிப் பேரனத் தொடாமத் திரும்புனா இவுக ஒடஞ்சு போயிருவாக. நீங்கதான் எப்படியாச்சும் கொண்டு போய்ச் சேக்கணும்."

எனக்கு நெஞ்சு விம்மியது. இதோ, நான் ஓர் ஆள் என்று காட்டும் நேரம். "மாமி, கவலைய விடுங்க. டேப்புல படம் ஏத்திக் கொண்டாரேன். படம் ஓடுனா மாமா சீட்ட விட்டு எந்திரிப்பாகளா? விசாகப்பட்டினம் வந்ததே தெரியாது, பாருங்க."

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஸ்டெல்லா சொன்னாள். "நாமதான் காசு கட்டி ஆப் வச்சிருக்கோமே. அதுல டவுன்லோடுன்னு ஒரு பட்டன் இருக்கு. அத அமுக்கிவிட்டாப் போதும்ல?"

நான் அவளைப் பரிதாபமாகப் பார்த்துச் சிரித்தேன். "பட்டன அமுக்குறதுக்கா நான் கம்ப்யூட்டர் படிச்சேன்?"

(இந்த வாக்கியத்தை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை. மிக்சி பட்டன், மோட்டார் பட்டன், எதை அமுக்கச் சொன்னாலும் முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் அமுக்குவாள்.)

என்னிடம் ஒரு பழைய ஹார்டு டிஸ்க் இருந்தது. கல்லூரிக் காலத்திலிருந்து சேர்த்த படங்கள். (எப்படிச் சேர்த்தேன் என்று கேட்காதீர்கள்.) சேர்ப்பேனே தவிரப் பார்க்க மாட்டேன். சிலர் புத்தகம் வாங்குவதுபோல. மாமாவுக்குப் பிடிக்கும்படி அடிதடி, அழுகை, பழிவாங்கல் என்று பொறுக்கி எடுத்தேன். பிறகுதான் சிக்கல். டேப்பில் இடம் போதவில்லை. உள்ளே பாதி இடத்தில் எங்கள் கல்யாண ஆல்பம் உட்கார்ந்திருந்தது, அதில் ஒரு போட்டோவைக்கூட அழிக்க ஸ்டெல்லா விடமாட்டேன் என்றாள். சரி, மெமரி கார்டில் போடலாம் என்றால் என் கார்டு பழையது. பெரிய ஃபைல் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாது.

மற்றவனாக இருந்தால் அப்போதே அந்த டவுன்லோட் பட்டனைத் தேடிப் போயிருப்பான். எனக்கோ ஓர் அபாரமான யோசனை உதித்தது. தமிழ்ப் படம் என்றால் நடுவில் இடைவேளை உண்டல்லவா? ஒவ்வொரு படத்தையும் இடைவேளையில் இரண்டாக வெட்டிவிட்டால்? முதல் பாதிகளை டேப்பில் ஏற்றுவது, இரண்டாம் பாதிகளைக் கார்டில் ஏற்றுவது. முதல் பாதி முடிந்ததும் மாமாவுக்கு ஒரு முறுக்கு, ஒரு காபி. அதற்குள் நான் கார்டைச் செருகிவிடுவேன். தியேட்டர் மாதிரியே இருக்கும்!

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வெட்டினேன். படத்தை ஓட்டி ஓட்டி, 'இடைவேளை' என்று எழுத்து விழும் இடத்தைக் கண்டுபிடித்து, கறிக்கடைக்காரர் மூட்டுப் பார்த்து வெட்டுவதுபோல வெட்டினேன். கதை என்ன என்று பார்க்க எனக்கு ஏது நேரம்? டேப்பில் ஏற்கெனவே, டீச்சர் வேலை பார்க்கும் ஸ்டெல்லாவின் பள்ளிக்கூடப் பாடக் கார்டு ஒன்று குடியிருந்ததால், என் கார்டைத் தனியாக எடுத்து மிக மிகப் பத்திரமான ஓர் இடத்தில் வைத்தேன். எவ்வளவு பத்திரம் என்றால், மறுநாள் எனக்கே ஞாபகம் வரவில்லை.

வாரம் ஒருமுறை வடக்கே போகும் ரயில். முந்தின நாளே மாமாவும் மாமியும் பாம்பனிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கிவிட்டார்கள். காலையில் ராமநாதபுரத்தில் ஏறினோம். மாமாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, மாமி பக்கத்தில் அணைக்கட்டு மாதிரி உட்கார்ந்துகொண்டாள். வண்டி நகர்ந்ததும் நான் டேப்பை எடுத்து, மடக்குக் கவரை விரித்து, மாமாவின் முன்னால் நிறுத்திப் படத்தைப் போட்டேன்.

என்ன சொல்ல! மாமா அசையவில்லை. விரல்கள் உருட்டுவதை நிறுத்திவிட்டன. மாமி என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வைக்கு நான் இன்னும் நூறு படத்தை வெட்டியிருப்பேன். எதிர் சீட்டுக்காரர்கள்கூட எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். படத்தில் மழை கொட்டுகிறது. அண்ணனைக் கொன்றவனைத் தேடி நாயகன் பாழடைந்த பங்களாவுக்கு வருகிறான். கதவை எட்டி உதைக்கிறான். உள்ளே பார்த்து, முகம் வெளிறி, "நீயா!" என்கிறான். இடைவேளை.

"ம்... போடுங்க மாப்ள" என்றார் மாமா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சட்டைப்பையில் கையை விட்டேன். இல்லை. பேண்ட் பையில் இல்லை. தோள்பையைக் கவிழ்த்தேன். சார்ஜர் வந்தது, வயர் வந்தது, சீப்பு வந்தது. முறுக்கு டப்பாவைக் கிளறினேன். மாமியின் ஜெபமாலைப் பையைக்கூட விடவில்லை. ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்து, "லேப்டாப்புலயே செருகி வச்சுட்டு வந்துட்டீகளா?" என்று காதோடு கேட்டாள். அப்படித்தான் இருக்கும் என்று எனக்கும் தோன்றியது.

"உள்ள யாரு மாப்ள?" என்றார் மாமா.

"இந்தா... ஒரு நிமிசம் மாமா."

அந்தப் படம் இல்லையென்றால் வேறு படம் போடலாம். போட்டால் அதுவும் இடைவேளையில் நிற்கும். டேப் முழுக்க முதல் பாதி! ஸ்டெல்லா தன் போனில் முயற்சி செய்தாள். வெளியே கருவேலங்காடு ஓடிக்கொண்டிருந்தது, போனில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. வண்டி மானாமதுரையை நெருங்கி வேகம் குறைந்தது. மாமாவின் கண் திரையை விட்டு பிளாட்பாரத்துக்குப் போனது. விரல்கள் மெதுவாக உருட்ட ஆரம்பித்தன. மாமி என்னைப் பார்த்தாள்.

"உள்ள இருந்தது அவன் அண்ணன் மாமா" என்றேன். எங்கிருந்து வந்ததென்று சத்தியமாகத் தெரியாது.

மாமா திரும்பினார். "செத்துப்போன அண்ணனா?"

"ஆமா."

"அவனத்தான் எரிச்சாகளே. நான் கண்ணால பாத்தேனே."

"எரிச்சது வேற ஆள மாமா."

மாமா தொடையில் ஓங்கி அடித்தார். "அப்படிப் போடு! நான் அப்பவே நெனச்சேன். மூஞ்சிய மூடியே வச்சிருந்தான்ல?"

மானாமதுரை போயே போய்விட்டது. படம் கார்டில் மாட்டிக்கொண்டதாகவும், நான் ஏற்கெனவே பார்த்திருப்பதால் கதையாகச் சொல்லிவிடுவதாகவும் ஒரு பொய்யைப் போட்டுவிட்டு இரண்டாம் பாதியைத் தொடங்கினேன். அண்ணனுக்கு ஏன் தம்பி மேல் கோபம்? சொத்து. சொத்து எங்கே? தீவில். தீவுக்கு எப்படிப் போனான்? இங்கேதான் கொஞ்சம் தடுமாறிவிட்டேன். நாயகனைப் படகில் ஏற்றிவிட்டேன். கேட்பவர் யார் என்பதை மறந்துவிட்டேன்.

"எந்தக் காத்து?" என்றார் மாமா.

"நல்ல காத்து மாமா."

"சோழகக் காத்தா, வாடைக் காத்தா? தெக்கிருந்து அடிக்கிற காத்துல அங்கிட்டு எப்படிப் போனான்?"

"அவன் ஹீரோ மாமா."

"ஹீரோவா இருந்தா? டீசல் போட வேண்டாமா?"

எப்படியோ டீசல் போட்டு, காற்றைத் திருப்பி, அண்ணனையும் தம்பியையும் கட்டிப்பிடிக்க வைத்தபோது காரைக்குடி வந்திருந்தது. மாமா காபி கேட்டார். பீடியைப் பற்றி ஒரு மூச்சு விடவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டா கல்லூரி அலுவலகத்தில் ஃபீஸ் ரசீது அடித்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது.

அந்தத் திமிரில்தான் அடுத்த படத்தைப் போட்டேன். அது அழுகைப் படம். வெளிநாட்டில் இருக்கும் மகன், ஊரில் தனியாக இருக்கும் தாய். தாய் ஆஸ்பத்திரியில் கிடக்க, மகன் விமானத்தைத் தவறவிட, இடைவேளை. இந்த முறை யாரும் கேட்பதற்கு முன்பே நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். காரைக்குடியில் ஏறிய ஓர் அக்கா எதிரில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தடுப்பிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். கூட்டத்தைக் கண்டதும் எனக்கு வெறி ஏறிவிட்டது. தாயைச் சாகடித்தேன். சும்மா சாகடிக்கவில்லை. மகனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைச் சட்டியில் மூடிவைத்துவிட்டுச் சாகடித்தேன். மகன் வந்து சட்டியைத் திறக்கிறான், குழம்பு இன்னும் சூடு ஆறவில்லை.

மாமா துண்டை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். எந்தப் புயலுக்கும் கலங்காத டிரைவர் சூசை, அத்தனை பேர் முன்னிலையில், குலுங்கிக் குலுங்கி அழுதார். "எங்க ஆத்தாவும் இப்படித்தான் போனா மாப்ள" என்றார். மாமியும் அழுதாள்.

எதிரில் இருந்த அக்கா கடைசிச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு கேட்டார். "ஏன் தம்பி, அந்தப் படமா இது? நான் தியேட்டர்லயே பாத்தேனே. அந்தம்மா சாகவே சாகாது. பொழச்சு வந்து மகன் கல்யாணத்துல டான்ஸ்லாம் ஆடும்."

மாமா துண்டைக் கண்ணிலிருந்து மெல்ல இறக்கினார்.

"அப்ப அந்தக் கருவாட்டுக் குழம்பு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அண்ணன்? எரிச்சது வேற ஆளுன்னு சொன்னீகளே, அதுவும் உங்க கைச்சரக்குத்தானா?"

"மாமா, கார்டு வீட்டுல மாட்டிக்கிச்சு மாமா..."

மாமா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வண்டி திருச்சி ஜங்ஷனுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. "காத்து வாங்கிட்டு வாரேன்" என்று மாமியைத் தாண்டிக்கொண்டு போனார்.

மாமி என் கையைப் பிடித்தாள். "போச்சு மாப்ள. இந்தக் கோவத்துல கண்டிப்பா இழுத்துருவாக. ஓடுங்க!"

சார்ஜில் கிடந்த போனைக்கூட எடுக்காமல் ஓடினேன். கதவருகே மாமா இல்லை. குழாயடியில் இல்லை. டீக்கடையில் இல்லை. பிளாட்பாரம் முழுக்கத் தலைகள். எஞ்சின் பக்கமாக ஓடினேன். அங்கே, பிளாட்பாரம் முடிகிற இடத்தில், ஒரு தூணுக்குப் பின்னால் மாமா உடுத்தியிருந்த அதே நீலக் கட்டம் போட்ட லுங்கி, வெள்ளைச் சட்டை, தோளில் சிவப்புத் துண்டு. தூணைத் தாண்டிப் புகை சுருள் சுருளாக வந்துகொண்டிருந்தது.

பாய்ந்தேன். பின்னாலிருந்து எட்டி, வாயிலிருந்த பீடியை வெடுக்கென்று பிடுங்கினேன். ஒரு கையில் பீடி, மறு கையால் அவரை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வேண்டாம் மாமா! பேரன நெனச்சுப் பாருங்க மாமா! அந்தம்மாவ நான் கொன்னது தப்புதான் மாமா!" என்று கத்தினேன்.

அவர் திரும்பினார். மாமா இல்லை. மாமாவுக்கு இருப்பதைவிட இரண்டு மடங்கு மீசை.

"யார்றா நீ? எந்த அம்மாவக் கொன்ன?" என்று என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க, எங்க மாமான்னு நெனச்சு..."

"என் பீடிய நான் இழுத்தா ஒனக்கு எங்கடா எரியுது?"

எஞ்சின் ஊதியது. வண்டி நகர்ந்தது. நான் திமிறினேன், அவர் விடவில்லை. ஒரு பெட்டி போனது, இரண்டு பெட்டி போனது. ஒரு ஜன்னலில் ஸ்டெல்லாவும் மாமியும். என்னைப் பார்த்ததும் ஸ்டெல்லாவின் முகம் மலர்ந்தது. பிறகு என் கையைப் பார்த்தாள். மாமி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் என் கையைப் பார்த்தேன். பீடி என் இரண்டு விரல்களுக்கு நடுவில் ஜோராகப் புகைந்துகொண்டிருந்தது.

அடுத்த பெட்டியின் கதவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமா நின்றார். அவர் இறங்கவே இல்லை! அந்த முதல் படத்தைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பெட்டி பெட்டியாக விசாரித்துக்கொண்டு போயிருக்கிறார். கண்டும் பிடித்துவிட்டார். என்னைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்காமல், "மாப்ள! அண்ணன் இல்லையாம்! உள்ள இருந்தது அவன் பொண்டாட்டியாம்!" என்று கத்தினார்.

கத்திய வாய் அப்படியே நின்றது. அவரும் பீடியைப் பார்த்துவிட்டார். வண்டி அவரைக் கொண்டுபோய்விட்டது.

மீசைக்காரர் அதற்குப் பிறகுதான் சட்டையை விட்டார். நான் அழாத குறையாக நடந்ததைச் சொன்னதும் அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. தன் போனைக் கொடுத்தார். ஸ்டெல்லாவின் நம்பர் எனக்குத் தெரியாது. (உங்களுக்கு உங்கள் மனைவியின் நம்பர் மனப்பாடமா? கையை நெஞ்சில் வைத்துச் சொல்லுங்கள்.) தெரிந்த ஒரே நம்பர் என்னுடையது. சார்ஜில் கிடந்த என் போனுக்கு நானே அடித்தேன். ஸ்டெல்லா எடுத்தாள்.

"என்ன, இழுத்து முடிச்சாச்சா?" என்றாள்.

அதற்கு மேல் நான் சொன்ன எதையும் அவள் நம்பவில்லை. அன்று காலையிலிருந்து நான் சொன்னது எல்லாமே கதை என்பது நிரூபணமாகிவிட்டதல்லவா? அண்ணனை எரிக்கவில்லை என்று சொன்ன அதே வாய்தானே, இப்போது பீடி என்னுடையது இல்லை என்றும் சொல்கிறது.

அடுத்த வண்டிக்கு டிக்கெட் எடுக்கலாம் என்று பர்ஸைத் திறந்தேன். ஸ்டெல்லாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்குப் பின்னாலிருந்து என்னவோ நழுவி விழுந்தது. நகம் அளவுக்குக் கறுப்பாக. மெமரி கார்டு. மிக மிகப் பத்திரமான இடம்! அத்தனை படங்களின் முதல் பாதியும் விழுப்புரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, அத்தனை படங்களின் இரண்டாம் பாதியும் என்னோடு திருச்சி ஜங்ஷனில் நின்றுகொண்டிருந்தன. நான் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மீசைக்காரரின் பீடியைப் பிடுங்கிய பாவத்துக்கு, ஸ்டேஷனுக்கு வெளியே கூட்டிப்போய் அவருக்கு ஒரு கட்டு பீடி வாங்கிக் கொடுத்தேன். மனுஷன் நியாயஸ்தர். "நீ பிடுங்குனது ஒண்ணு. எனக்கு ஒண்ணு போதும்" என்று ஒன்றை உருவிக்கொண்டு மிச்சக் கட்டை என் சட்டைப்பையில் செருகினார். என் வண்டி வரும்வரை துணைக்கு உட்கார்ந்திருந்து, அந்த ஒன்றை ஆற அமர என் முகத்தின் மேலேயே ஊதி முடித்தார். நானும் சென்னை போய், அங்கிருந்து கிடைத்த வண்டியில் நின்றும் குந்தியும், போட்ட சட்டையோடு, மறுநாள் சாயங்காலம் விசாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தேன். சட்டைப்பையில் இருந்த கட்டு, சத்தியமாக, எனக்கு ஞாபகமே இல்லை.

வில்சன் வீட்டுக்குள் நுழைந்தால் எல்லோரும் கூடத்தில் இருக்கிறார்கள். மாமா நடு நாற்காலியில், மடியில் பேரன். காலையில் வந்ததிலிருந்து பிள்ளையைக் கீழேயே விடவில்லையாம். பீடி உருட்டிய அந்த இரண்டு விரலைக் குழந்தை தன் கைக்குள் இறுகப் பிடித்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பட்ட பாடெல்லாம் பறந்துபோனது. எப்படியோ மனுஷனைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்! "வாங்க மாப்ள, நீங்களும் தூக்குங்க" என்று மாமா பிள்ளையை நீட்டினார். நான் ஆசையாகக் குனிந்தேன்.

சட்டைப்பையிலிருந்து பீடிக்கட்டு 'தொப்'பென்று ரோசியின் காலடியில் விழுந்தது.

ரோசி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து மூக்கைச் சுளித்தாள். எட்டி மாமாவின் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "அண்ணே, கோவிச்சுக்காதீக. யாரா இருந்தாலும்னு நான் அன்னைக்கே சொன்னேன்."

யாரும் எதிர்பார்க்காதபடி மாமா எழுந்துபோய் அந்தக் கட்டை எடுத்தார். ஒரு மாதத்துக்குமேல் கண்ணில் படாத பொருள். கையில் வைத்துக்கொண்டு நின்றார். வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நின்றார். மாமிக்கு மூச்சு நின்றுவிட்டது. எனக்கும்தான். ஐயோ, கொண்டுவந்து சேர்த்த நானே கெடுத்துவிட்டேனே என்று உள்ளே பதறினேன்.

மாமா கட்டை மாமியிடம் நீட்டினார். "தூரப் போடு. மாப்ளைக்கு ஒடம்புக்கு ஆகாது" என்றார்.

வீடு அதிரச் சிரித்தார்கள். மறுநாள் ஞானஸ்நானத்தில் எடுத்த குடும்பப் போட்டோ இன்றைக்கும் பாம்பன் வீட்டில் மாட்டியிருக்கிறது. எல்லோரும் பிள்ளையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் மட்டும் ஒரு முழம் தள்ளி, குளித்து முழுகி, புதுச் சட்டை போட்டு, வெறுங்கையோடு நிற்பேன்.

அடுத்த தடைக்காலத்தில் நாங்கள் பாம்பன் போயிருந்தோம். கரையில் கட்டிக் கிடந்த படகுகளின் நிழலில் ஆட்களைக் கூட்டிவைத்துக்கொண்டு மாமா இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன கதையில் நான் திருச்சியில் ஒரு பீடியோடு நிற்கவில்லை. இரண்டு கையிலும் இரண்டு பீடியோடு, கண்ணை மூடி, மூக்கு வழியாக வளையம் விட்டுக்கொண்டு நின்றேன். எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்களுமா மாமா நம்புறீக?" என்று கேட்டேன்.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பீடி குடிச்சவனுக்குத் தெரியாதா மாப்ள? நீங்க அத ஊதுவத்தி மாதிரில்ல பிடிச்சிருந்தீக. எனக்காகத்தான் எறங்கி ஓடுனீகன்னு அந்த நிமிசமே தெரியும்."

"அப்பறம் ஏன் மாமா ஊரெல்லாம் இப்படிச் சொல்றீக?"

"நீங்க காட்டுன வழிதான். முதப் பாதி நெசம், ரெண்டாம் பாதி நம்ம கைச்சரக்கு. அப்பத்தான் ஒரு பய எந்திரிக்க மாட்டேங்கிறான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொண்ணும் இருக்கு. இதச் சொல்ற நேரத்துல மட்டும் எனக்குக் கை அரிக்கிறதில்ல மாப்ள."

"சரி மாமா, சொல்லுங்க" என்றேன்.

மாமா என் தோளில் கைபோட்டு என்னையும் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தார். "எங்கன விட்டேன்? ஆங்... மாப்ள மூணாவது பீடியப் பத்தவைக்கிறாரு" என்று தொடங்கினார்.